அருவி காணச் செல்வோர் காணாதவை – ஹோட்டன் சமவெளி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

அழகு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற கருத்து கலை இலக்கியத் துறையிலே பலமுறை மறுக்கப்பட்ட பின்னரும், ஓரிடத்தில் மட்டும் கேள்விக்கு உட்படாது வாழ்ந்து வருகின்றது. அவ்விடம் மலைநாடு. ஒரு கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ பேசுமிடத்து, அது யாருடைய நோக்கிலிருந்து எழுதப்பட்டது, யாரைப் பேசவைத்து யாரை மௌனமாக்குகின்றது என்றெல்லாம் வினவும் மாணவர், பேருந்தேறி மலைக்குச் சென்று ஓர் அருவியின் முன்னே நின்றதும் அவ்வினாக்களை மறந்துவிடுகின்றார். நீர் விழுகின்றது, அது அழகாயிருக்கின்றது, படம் எடுக்கப்படுகின்றது, பயணம் முடிவடைகின்றது. இதில் வினவுவதற்கு என்ன இருக்கின்றது என்பதே பொதுவான எண்ணம். வினவுவதற்கு நிறைய உண்டு என்பதும், வினவாதிருப்பதனால் நட்டமடைவன மலையும் அம்மலையை நம்பி வாழும் மக்களுமே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இவ்வாதத்திற்கு மிகப் பொருத்தமான உதாரணம் ஹோட்டன் சமவெளி. நுவரெலியாவுக்குத் தெற்கே, கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், ஏறத்தாழ 3,160 ஹெக்டேயர் பரப்பில் அமைந்துள்ள இம்மேட்டுநிலம் 1969 இல் சட்டப் பாதுகாப்புக்கு உட்படுத்தப்பட்டு, 1988 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு இணைந்து 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. நாட்டின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் வாகனத்தை விட்டு இறங்குதல் தடுக்கப்பட்டிருக்க, இங்கோ வருபவர் தமது கால்களால் நடந்து செல்லலாம். ஏறத்தாழ ஒன்பது கிலோமீற்றர் கொண்ட வட்டப்பாதை ஒன்று உண்டு. அதனை மூன்று அல்லது நான்கு மணித்தியாலங்களில் நடந்து முடிக்கலாம். வழியிலே சிறு ‘உலக முடிவு’, பெரிய ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்துப் பாறை விளிம்புகள். பின்னர் பெலிஹுல் ஓயாவில் ஏறத்தாழ இருபது மீற்றர் உயரத்திலிருந்து விழும் பேக்கர் நீர்வீழ்ச்சி. மூச்சு வாங்காமல், உடை நனையாமல், மதிய உணவுக்கு முன்னர் நுவரெலியாவுக்குத் திரும்பக்கூடிய இந்தக் குறுநடையே நாட்டின் புகழ்பெற்ற மலைநடையாக விளங்குகின்றது.

இக்குறுநடைக்கெனச் சில மரபுகள் தோன்றிவிட்டன. அவற்றுள் முதன்மையானது அதிகாலையில் விரைந்து செல்லுதல். காலை ஒன்பது, பத்து மணிக்குப் பின்னர் பள்ளத்திலிருந்து மூடுபனி மேலெழுந்து ‘உலக முடிவை’ மறைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். இருளில் புறப்பட்டு, வாயில் திறந்ததும் நுழைந்து, பனி எழுமுன் விளிம்பை அடைந்து, படம் எடுத்து, அருவியைத் தொட்டு மீள்வதே வெற்றிகரமான பயணமாகக் கருதப்படுகின்றது. மூடுபனி வந்துவிட்டால், “ஒன்றையும் பார்க்க முடியவில்லை” என்ற மனக்குறையோடு கூட்டம் திரும்புகின்றது. மூடுபனியைப் பகையாகக் கருதும் இந்த மனப்பாங்கிலேயே அருவி காணும் நாகரிகத்தின் அறியாமை முழுவதும் அடங்கியுள்ளது எனின் மிகையாகாது. ஏனெனில், அம்மூடுபனி அவ்வருவிக்கு நீர் சேர்க்கும் மூலங்களுள் ஒன்று.

இச்சமவெளியின் காடு, முகிற்காடு எனப்படும் வகையைச் சேர்ந்தது. தாழ்ந்து முறுகி வளர்ந்த மரங்களின் சிற்றிலைகளிலும் கிளைகளிற் படர்ந்துள்ள பாசிகளிலும் மரப்பாசங்களிலும் மூடுபனியின் நுண்திவலைகள் படிந்து, துளியாகித் திரண்டு நிலத்தில் விழுகின்றன. மழை பெய்யாத நாளிலும் காடு இவ்வாறு நீரைச் சேர்க்கின்றது. ‘பத்தனை’ எனப்படும் புல்வெளிகளின் அடியிலுள்ள கருமையான சேதன மண்ணோ அந்நீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்து, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றது. இவ்வோடைகள் சேர்ந்தே நாட்டின் மூன்று பேராறுகளான மகாவலி, களனி, வளவை ஆகியவற்றிற்கு ஊற்றாகின்றன. கொழும்பு நகரம் அருந்தும் களனி நீரிலும், வடமத்திய மாகாணத்து வயலுக்குப் பாயும் மகாவலி நீரிலும், தெற்கே உடவளவைத் தேக்கத்து நீரிலும் இம்மேட்டுநிலத்துப் பனித்துளியின் பங்கு உண்டு. ஆகவே பேக்கர் நீர்வீழ்ச்சி என்பது தனித்து நிற்கும் காட்சிப்பொருளன்று. இலையிலிருந்து வயல்வரை நீளும் ஒரு நீர்த்தொடரின் இருபது மீற்றர் மட்டுமே. அந்த இருபது மீற்றரை மட்டும் வெட்டியெடுத்து, சட்டமிட்டு மாட்டி, ‘இயற்கை’ என்று பெயரிடுவதே அருவி காணும் நாகரிகம் செய்யும் காரியமாகும்.

இவ்வாறு வெட்டியெடுத்துப் பார்க்கும் பார்வை எங்கிருந்து வந்தது என்பது அடுத்த வினா. விடை அருவியின் பெயரிலேயே இருக்கின்றது. 1834 ஆம் ஆண்டு பிரித்தானியப் படையைச் சேர்ந்த பிஷர், வாட்சன் என்னும் இரு அதிகாரிகள் இச்சமவெளியைக் ‘கண்டுபிடித்தனர்’ என்று நூல்கள் கூறுகின்றன. அதற்கு முன்னரே சிங்கள மக்கள் இதனை ‘மகா எலிய’ என்று அழைத்து வந்தனர். இங்குள்ள சதுப்பு மண்ணிற் படிந்திருந்த மகரந்தங்களை ஆராய்ந்தோர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் இந்நிலத்தைப் பயன்படுத்தியமைக்கான தடயங்களைக் கண்டுள்ளனர். இருப்பினும் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயர். பெயரோ அன்றைய ஆளுநர் வில்மொட் ஹோட்டனுடையது. அருவிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர் 1848 இல் நுவரெலியாவிற் குடியேற்றமொன்றை அமைத்தவர். வேட்டைநாய்க் கூட்டத்தோடு இம்மலைகளில் மரைகளைத் துரத்தியவர். யானைகளைச் சுட்டு வீழ்த்துவதைப் பொழுதுபோக்காகக் கொண்டு, அவ்வேட்டைகளின் விபரங்களையே நூலாக எழுதிப் புகழடைந்தவர். அவர் காலத்தில் யானைக்கூட்டங்கள் உலவிய சமவெளியில் இன்று ஒரு யானையும் இல்லை. கொல்லப்பட்ட விலங்கு நினைவிலும் இல்லாதிருக்க, கொன்றவர் பெயரை நீர் நாள்தோறும் உச்சரித்துக்கொண்டிருக்கின்றது. உயிரினங்களைப் பேணவென ஏற்படுத்தப்பட்ட ஒரு பூங்காவின் முதன்மைக் காட்சிக்கு வேட்டைக்காரரின் பெயர் நிலைத்திருப்பதிலுள்ள முரண்பாடு, அங்கு செல்லும் ஆயிரக்கணக்கானோரின் கண்ணில் படாதிருப்பது வியப்பன்று. பெயரைப் படிப்பதற்கன்றிப் படம் எடுப்பதற்கே அவர்கள் செல்கின்றனர்.

வேட்டைக்குப் பின் தோட்டம் வந்தது. கோப்பியும், அது நோய்கண்டு அழிந்தபின் தேயிலையும் மலைச்சரிவுகளை விழுங்கின. 1873 இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைக்கு இணங்க, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது விடுமாறு ஆட்சியாளர் கட்டளை பிறப்பித்தனர். இன்று எஞ்சியிருக்கும் மலைக்காட்டிற்கு இக்கட்டளை ஓரளவு காரணம் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அக்கட்டளையின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உச்சியிலே காடு காக்கப்படும்; அதன் கீழே காடு மூலதனத்திற்குரியது. உச்சியிலே துரைமாரின் வேட்டையும் மீன்பிடியும். கீழே கூலிகளின் உழைப்பு. சமவெளி ஓடைகளில் துரைமாரின் தூண்டிலுக்கென ட்றவுட் மீன் விடப்பட்டது. தோமஸ் பார் என்ற தோட்டத்துரையின் பெயரால் வழங்கும் ‘பார் இன்’ விடுதி வேட்டைக்காரரின் தங்குமிடமாயிருந்தது. இன்று பூங்காவிற்கு வருவோரின் நடை தொடங்குவதும் அக்கட்டடத்தின் அருகிலேயே. துரையின் ஓய்வுநாட் பாதையே இன்றைய சுற்றுலாப் பாதை. துரை சென்றுவிட்டார், அவர் நின்று பார்த்த இடமும் அவர் பார்த்த விதமும் மட்டும் சுதேசிகளுக்கு உயிலாக எழுதி வைக்கப்பட்டுள்ளன.

அப்பார்வையின் உச்சம் ‘உலக முடிவு’. பல நூறு மீற்றர் செங்குத்தாக வீழும் அவ்விளிம்பில் நிற்பவர், தெளிந்த நாளில் தெற்குக் கடல் வரை தெரியும் என்று கூறக் கேட்டுத் தொலைவையே நோக்குகின்றார். தொலைவுக்கு முன்னே, காலின் நேர்கீழே, தேயிலைத் தோட்டங்களும் குடியிருப்புகளும் தெரிகின்றன. மேலிருந்து பார்க்கும்போது அவை மிக அழகானவை. பச்சைக் கம்பளத்தில் வைத்த தீப்பெட்டிகள் போன்றவை. அத்தகைய தீப்பெட்டிகளுக்குள்ளே மலைநாடெங்கும் தலைமுறை தலைமுறையாக ஒரு மக்கட்கூட்டம் வாழ்ந்து வந்திருக்கின்றது என்பது அவ்வுயரத்திலிருந்து தெரிவதில்லை. தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் நடத்திக் கொண்டுவரப்பட்டு, காட்டை அழித்துத் தோட்டமாக்கிய அம்மக்களில் மிகப் பெரும்பான்மையோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டப்படி தீர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்கு அது உலகத்தின் முடிவன்று, உலகமே அதுதான். ‘உலக முடிவு’ என்ற பெயர், மேலே நிற்பவரின் உலகம் எங்கே முடிவடைகின்றது என்பதையே காட்டுகின்றது.

இது வெறும் சொல் விளையாட்டன்று. அதே தெற்கு மலைச்சுவரின் கிழக்குப்புறத்தே, ஹல்துமுல்லைப் பிரிவில், கொஸ்லாந்தைக்கு அருகிலுள்ள மீரியாபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை மண்சரிவிற் புதையுண்டன. அபாயமுள்ள இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. கொஸ்லாந்தை வழியாகச் செல்வோர் அன்றும் தியலும நீர்வீழ்ச்சியின் அழகை அறிந்திருந்தனர். மீரியாபெத்தையின் பெயரை நாடு அறிவதற்கு மலை சரிய வேண்டியிருந்தது. அழகுக்காக மலையை அறிந்த ஒரு சமூகம், அதே மலையின் ஆபத்தை அறியாதிருந்தமை தற்செயலானதா? மலையைக் காட்சியாகப் பார்ப்பவருக்கு அதன் மண் எவ்வளவு நீரைத் தாங்கும், அதன் சரிவில் யார் உறங்குகின்றனர் என்ற வினாக்கள் தோன்றுவதில்லை. காட்சிக்கு மண்ணும் இல்லை, மக்களும் இல்லை.

பூங்கா எல்லை என்னும் கோடும் இங்கு கவனத்திற்குரியது. தேசியப் பூங்காவினுள் ஒரு செடியைப் பிடுங்குவதும் ஒரு கிளையை வெட்டுவதும் சட்டப்படி குற்றம். அது அவ்வாறே இருத்தல் வேண்டும். ஆனால் நடைமுறையில் அக்கோடு யாரை நிறுத்துகின்றது? எரிவாயு வாங்க வழியற்று விறகு தேடி எல்லையைத் தாண்டும் தோட்டத்துப் பெண், சட்டத்தின் முன் குற்றவாளி. அக்காட்டிலே விலங்குகளைக் கொன்று குவித்தவரோ வரைபடத்தில் நிலைத்த பெயர். இருவரையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்கும் நாள் வரும்வரை, இயற்கையைப் பேணுதல் என்பது மலைநாட்டு உழைப்பாளியின் காதில் இன்னொரு துரைத்தனமாகவே ஒலிக்கும். அந்த ஒலியை மாற்றாது காட்டைக் காக்கவும் முடியாது.

காட்சியே முதன்மை என்ற கருத்துநிலை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இச்சமவெளியின் நீரே சான்று தருகின்றது. வடமேற்கே இறங்கும் ஆக்ரா ஓயா, அக்கரப்பத்தனைத் தோட்டங்களினூடாகச் சென்று கொத்மலை ஓயாவிற் கலக்கின்றது. அக்கொத்மலை ஓயாவே தலவாக்கலைக்கு அருகில் சென் கிளயர் நீர்வீழ்ச்சியாக விழுகின்றது. 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல் கொத்மலை நீர்மின் திட்டத்திற்காக, அருவிக்கு மேலே அணை கட்டப்பட்டு நீர் சுரங்க வழியே திருப்பப்பட்டது. திட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பு இரு வகையினது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர வேண்டியிருந்தமை ஒன்று. அருவி வற்றிவிடும் என்பது மற்றொன்று. இறுதியிலே அருவிக்குக் கிடைத்த தீர்வு யாது? பகல் வேளையில் குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்கு நீரைத் திறந்துவிடுவதென்ற உடன்பாடு. அதாவது, பார்ப்பவர் உள்ளபோது அருவி ஓடும்; இருட்டியபின் யாருக்காக ஓடவேண்டும்? மின்சாரம் வேண்டாமென்று கூறுதல் பேதைமை. தோட்டத்து லயத்திற்கும் விளக்கு வேண்டும். ஆயினும், ஆற்றை நாடக அரங்கின் திரையைப்போல ஏற்றி இறக்கலாம் என்ற எண்ணம் ஏற்கத்தக்கதாகத் தோன்றுகின்றதெனில், ஆறு என்பது காட்சியைத் தவிர வேறொன்றுமில்லை என்று சமூகம் முன்னரே ஒப்புக்கொண்டுவிட்டது என்பதே பொருள். அந்த ஒப்புதலை வழங்கியவர் பொறியியலாளர் மட்டுமல்லர். அருவியின் முன்னே நின்று படம் மட்டும் எடுத்துத் திரும்பிய ஒவ்வொருவருமே.

சமவெளிக்குள்ளே நடப்பதும் கவலைக்குரியதே. 1970களின் பிற்பகுதி தொடக்கம் இங்குள்ள காட்டு மரங்கள் நுனியிலிருந்து பட்டுப்போவதை ஆய்வாளர் அவதானித்து வந்துள்ளனர். வறட்சி, மண்ணின் தன்மை, வளி மாசடைதல் எனப் பல காரணங்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நீரைப் பிடிக்கும் மரம் பட்டுப்போவதென்றால், மூடுபனி இறங்கித் தங்க இடமின்றிக் கடந்து போகும் என்பதே பொருள். ஆங்கிலேயர் கொண்டுவந்த யூலெக்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்செடி புல்வெளியை ஆக்கிரமிக்கின்றது. வருவோர் உணவூட்டிப் பழக்கிய மரைகள் வாகனத் தரிப்பிடத்தில் நின்று கையேந்துகின்றன. உணவோடு பொலித்தீனையும் விழுங்குகின்றன. இதன் காரணமாகவே வாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீன் உறைகளை அகற்றும் நடைமுறை ஏற்பட்டது. கற்றவர், கல்லாதவர், உள்நாட்டார், வெளிநாட்டார் என்ற பேதமின்றி அனைவருடைய பையும் சோதிக்கப்பட வேண்டியிருப்பது, மலைக்குச் செல்லும் சமூகத்தைப்பற்றிய ஒரு தீர்ப்பாகும். மறுபுறத்தே, 1930களின் பின்னர் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட மலைத் தேவாங்கு இனம் 2002 இல் மீண்டும் இங்கு காணப்பட்டு, 2009 இற் படம்பிடிக்கப்பட்டது. விரைந்து நடந்தவர் எவரும் அதனைக் காணவில்லை. இரவுகளிற் காத்திருந்து தேடிய ஆய்வாளரே கண்டனர். மலை தன் இரகசியங்களை அவசரக்காரருக்குச் சொல்வதில்லை.

இவ்வாதத்திற்கு இரு திசைகளிலிருந்து எதிர்ப்பு எழக்கூடும். முதலாவது, இன்பத்தை நாடிச் செல்பவர்மீது வரலாற்றின் சுமையை ஏற்றுவானேன் என்பது. வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த ஓர் எழுதுவினைஞரோ ஆசிரியரோ தம் பிள்ளைகளோடு ஓர் அருவியைப் பார்த்து மகிழ்வதில் என்ன தவறு? தவறில்லை. குளிர்ந்த காற்றும் விழும் நீரும் உழைப்பவருக்கே முதலில் உரியவை. ஆனால் அறிவு இன்பத்தைக் குறைக்கும் என்று யார் கூறினர்? இராகத்தை அறிந்தவர் இசையைக் குறைவாகவா சுவைக்கின்றார்? பனித்துளி இலையிலிருந்து இறங்கி, ஓடையாகி, விழுந்து, தோட்டத்துப் பீலியில் நிறைந்து, மின்னாகி, வயலில் நெல்லாகும் கதையை அறிந்த பிள்ளைக்கு அவ்வருவி இருபது மீற்றருக்கும் மேல் உயரமானதாகவே தோன்றும். இன்பத்தைக் கெடுப்பது அறிவன்று. உழைப்பவரின் ஓய்வைக்கூட ஓர் அவசர நுகர்வாக மாற்றிவிட்ட வணிக முறையே அதனைக் கெடுக்கின்றது.

இரண்டாவது எதிர்ப்பு, மலையை முற்றாக மூடிவிடுங்கள் என்பது. மனிதர் செல்வதனாலேயே அழிவு. ஆகவே மனிதரை விலக்குங்கள் என்று இயற்கை ஆர்வலர் சிலர் கூறுவர். இதுவும் துரைத்தனத்தின் மறுவடிவமே. 1960களில் இச்சமவெளியின் ஒரு பகுதியை உழுது விதை உருளைக்கிழங்கு பயிரிட்டவர் சுற்றுலாப் பயணியல்லர். அரசே அதனைச் செய்தது. பொதுமக்களின் கண் படாத காட்டைக் காப்பதைவிட அழிப்பது எளிது. கண்டறிந்தவரே காப்பர். ஆதலால், வருகை இருத்தல் வேண்டும். ஆனால் அது வேறு வகையான வருகையாதல் வேண்டும்.

தமிழ் மாணவர் இவ்விடயத்தில் வெளியிலிருந்து பாடங் கற்கவேண்டியதில்லை. தொல்காப்பியம் நிலத்தை முதற்பொருள் என்று கூறி அதனோடு நின்றுவிடவில்லை. அந்நிலத்து மரமும் விலங்கும் நீரும் மக்களும் தொழிலும் கருப்பொருளாயின. அங்கு வாழும் மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருளாயிற்று. மக்களில்லாத குறிஞ்சி என்ற ஒன்றை அம்மரபு கற்பனை செய்யவில்லை. அருவி என்றதும் பழந்தமிழ் மேற்கோள்களை அடுக்கும் பயணக் கட்டுரையாளர், முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் வீசிவிடுகின்றனர். தேயிலைக் கூடையும் லயமும் பிரட்டுக்களமும் மலைநாட்டின் கருப்பொருள்கள் என்று ஏற்க அவர்களுக்கு மனமில்லை. சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் மலையைக் கீழிருந்து, அதில் உழைப்பவரின் கண்கொண்டு பார்த்தவர்கள். அவர்களைப் பரீட்சைக்காகப் படித்துவிட்டு, மலைக்குச் செல்லும்போது பேக்கரின் கண்ணை அணிந்துகொள்ளும் கல்வி எத்தகைய கல்வி?

இவ்வினா பல்கலைக்கழகத்தை நோக்கியதே. ஆண்டுதோறும் அணி அணியாக மாணவர் மலைக்குச் செல்கின்றனர். பேருந்திற் பாட்டும் மேளமும். வட்டப்பாதையில் ஓட்டமும் கூச்சலும். அருவியின் முன்னே குழுப்படம். திரும்பும் வழியில் உறக்கம். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தே பல்கலைக்கழகத்திற்கு வந்த சக மாணவர் ஒருவர் அதே பேருந்தில் இருக்கக்கூடும், அவரிடம், “தங்கச்சி, இந்த ஆறு உங்கட தோட்டத்துப் பக்கமா போகுது?” என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. புவியியல், வரலாறு, தமிழ், சமூகவியல், தாவரவியல் ஆகிய துறைகள் இணைந்து இப்பயணத்தைக் களப்படிப்பாக மாற்றுவதற்குத் தடையாயிருப்பது பணமன்று, எண்ணமின்மையே. ஓர் அணி அருவியோடு திரும்பிவிடாமல் ஓடையின் போக்கிலே அக்கரப்பத்தனை வரை சென்று, அந்நீரைக் குடிப்பவரோடு ஒரு மாலைப்பொழுது உரையாடி மீளுமாயின், அது பத்து விரிவுரைகளுக்கு ஈடாகும்.

பொறுப்பாளரிடம் கோரவேண்டியனவும் உண்டு. நெரிசல் மிகுந்த விடுமுறைக் காலங்களில் நாளொன்றுக்கு வருவோர் தொகைக்கு வரையறை விதிக்கப்படல் வேண்டும். மகா எலிய என்ற பழம்பெயரும், பேக்கரின் வேட்டையும், முகிற்காட்டின் தொழிற்பாடும், மூன்று ஆறுகளின் வழியும் மும்மொழியிலும் அப்பாதையிலே விளக்கப்படல் வேண்டும். நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு, எல்லையைச் சூழ்ந்துள்ள தோட்டங்களினதும் கிராமங்களினதும் குடிநீருக்கும் எரிபொருளுக்கும் ஒதுக்கப்படல் வேண்டும். எல்லைக்கு வெளியே வாழும் இளைஞர், யுவதிகள் வழிகாட்டிகளாகப் பயிற்றப்படல் வேண்டும். காட்டின் காவலை அதன் அயலவர் கையில் ஒப்படைக்காத எந்தத் திட்டமும் வாயிலிற் பை சோதிப்பதோடு நின்றுவிடும்.

மலைக்குச் செல்லவேண்டாமென்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. செல்லுங்கள், மெதுவாகச் செல்லுங்கள், மூடுபனி வந்தால் திரும்பி ஓடாது நின்று, அது இலையில் துளியாகும் ஓசையைக் கேளுங்கள். விளிம்பில் நிற்கும்போது கடலைத் தேடுமுன் காலின் கீழே தெரியும் கூரைகளை எண்ணுங்கள். நீர் விழும் இடத்தில் நின்றவர், அது எங்கிருந்து வந்தது என்றும் எங்கே போகின்றது என்றும் கேளாமல் திரும்புவாராயின், அவர் கண்டது நீரை அன்று; தமக்கு முன்னே அங்கு வந்துபோன துரையின் நிழலையே.